உயரமும் வண்டினமும்

நம் இலக்கியங்களில் வண்டென்பது பெரும்பாலும் மலரிடைத் தேனுண்ணும் தும்பியே. விலங்கியலாரோ, ஓடுபோல் வலித்த முன்னிறகுகளால் பின்னிறகுகளை மூடிக் காக்கும் பூச்சிகளையே வண்டென்பர். தென்னங்குருத்தைத் துளைக்கும் கருவண்டும், அதன் தண்டைக் குடையும் செவ்வண்டும், சாணம் உருட்டும் வண்டும் இவ்வினத்தனவே. இதுவரை பெயரிடப்பட்ட வண்டு வகைகள் ஏறத்தாழ 4 இலட்சம். இப்பேரினம் நிலத்தின் உயரத்திற்கேற்ப எவ்வாறு மாறுகின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

இதற்கு நாம் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. மட்டக்களப்பு வாவியை அடுத்த செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி, மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை ஆகிய ஊர்களைக் கடந்து, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. அவ்வூரின்மேல் நிற்கும் பீதுருதாலகாலை மலை 2524 மீற்றர் உயரமுடையது. 1000 மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியசு குறையும். ஆதலின் வாவிக்கரைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஏறக்குறைய 12 பாகை வேறுபாடு உண்டு.

வண்டு தன் உடல் வெப்பத்தைச் சூழலினின்றே பெறுவது. குளிர்ந்தவிடத்தில் முட்டை பொரிப்பதும் புழு வளர்வதும் தாமதமாகும். மேலேறுந்தோறும் மர வகைகள் குறைவதால், அவற்றை உண்ணும் வண்டு வகைகளும் குறையும். நிலப்பரப்பும் கூம்புபோல் ஒடுங்கும். எனினும் இக்குறைவு எங்கும் ஒரே சீரானதன்று. அடிவாரம் வறண்டதாயின், ஈரமும் இதமான வெப்பமும் கூடும் மலையின் இடைப்பகுதியிலேயே வகைகள் மிகுவதுண்டு.

தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டு இதற்கொரு சான்று. அது மரத்தை உண்பதன்று. தான் குடைந்த வழிகளில் ஒருவகைப் பூஞ்சணத்தைப் பயிரிட்டு அதனையே உண்பது. நடுத்தர உயரத் தோட்டங்களில் பெருங்கேடு விளைக்கும் இவ்வண்டு, குளிர்ந்த உயர்மலைத் தோட்டங்களில் அத்துணைத் தொல்லை தருவதில்லை.

ஆயின் உச்சியில் வகைகள் குறைவென்று அவ்வுச்சியை எளிதாக எண்ணுதல் தகாது. தரைவாழ் வண்டுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பிலிப் டார்லிங்டன், மலைகளில் உயரம் கூடக் கூடப் பறக்கவியலா வண்டுகளின் விழுக்காடு மிகுதல் கண்டு 1943இல் எழுதினார். தாழ்நிலத்துச் சேறும் நீர்க்கரையும் காலந்தோறும் மாறுவன. அங்கு இடம்பெயரச் சிறகு வேண்டும். மலைக்காட்டின் ஈரமோ நிலையானது. அங்குச் சிறகு இன்றியமையாததன்று. சிறகிழந்த வண்டு வெப்பமான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்லாது. இவ்வாறு ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவாகி, வேறெங்கும் காணாத வகைகளைத் தன்னகத்தே பெறுகின்றது. தொகை சிறிது, ஆயினும் அங்கு அழிவது உலகெங்கும் அழிவதாகும்.

இற்றைநாளில் இது வெறும் ஏட்டறிவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், நம் மலைநாட்டின் காடுகள் பெரிதும் வெட்டப்பட்டன. உலகம் வெப்பமுறும் இக்காலத்தில் வண்டுகள் குளிர்தேடி மேலேற வேண்டியுள்ளது. கீழ்வாழ்வனவற்றுக்கு ஏணியின் நடுப்படிகள் பல முறிந்துள்ளன. உச்சியில் வாழ்வனவற்றுக்கோ அதற்குமேல் படியே இல்லை. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலை ஆகியவை 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. அவற்றைக் காத்தலோடு, அவற்றுக்குக் கீழுள்ள துண்டுக் காடுகளைக் காத்தலும் கடனாகும்.

மாணவர் வண்டொன்றைக் கண்டால் அதன் பெயரோடு இடம், நாள், கடல்மட்டத்திற்குமேல் உயரம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். உயரம் குறிக்கப்படாவிடின், அவ்வண்டு நாளை மேலேறியதா, மறைந்ததா என்பதை அறிவார் எவருமிலர். வாவிக்கரையில் வாழும் நாம் ஏணியின் அடிப்படியில் நிற்கின்றோம். இங்கிருந்தே அக்கணக்கைத் தொடங்குவோமாக.