அரைஞாண் இறுகினால்...

குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கு அரைஞாண் கயிறு ஒரு நல்ல அளவுகோல். கயிறு இறுகினால், "பிள்ளை சதை போடுகிறான்" என்று மகிழ்ந்து மாற்றிக் கட்டுவோம். ஆனால் கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் பெருத்துக் கயிறு இறுகினால்?

ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் பாட்டிமார் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: "பூச்சியாக இருக்கும், இல்லாவிட்டால் ஈரல் குலைக்கட்டி." கஷாயத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே. ஆனால் மிக அபூர்வமாக, அது 'கோஷே' என்ற பரம்பரை வியாதியாக இருக்கலாம்.

தேய்ந்துபோன ரத்த அணுக்களிலுள்ள ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க நம் உடம்பில் ஓர் என்சைம் உண்டு. அது குறைந்தால், அள்ள ஆளில்லாத குப்பை போலக் கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்குகிறது. வயிறு பெருக்கிறது, சோகை பிடிக்கிறது, மூக்கில் ரத்தம் கசிகிறது, எலும்பு வலிக்கிறது. 1882-ல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் 32 வயதுப் பெண்ணொருத்தியின் வீங்கிய மண்ணீரலில் இதைக் கண்டு, புற்றுநோய் என்றே எண்ணினார். குறைந்திருப்பது எந்த என்சைம் என்பது 1965-ல்தான் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி குழுவினரால் தெரிய வந்தது.

இன்று அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். டாக்டர் இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் சந்தேகத்தை வலுப்படுத்தினால், தாளில் உலர்த்திய சில துளி ரத்தமே முதல் சோதனைக்குப் போதும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலிருந்து மருத்துவக் கட்டுத் துணி வெளியூர்களுக்குப் போகிறதே, அதைவிடச் சுலபமாக இந்தத் தாள் தபாலில் போய்விடும்! பிறகு ஜீன் சோதனை உறுதி செய்யும்.

பெயர் தெரிந்து என்ன பயன்? மருந்து இருக்கிறதே! குறைந்த என்சைமை ஈடு செய்யும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 1991-ல் அனுமதி தந்தது. இத்தகைய மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுதும் ரத்தத்தில் ஏற்ற வேண்டும். மூளையைத் தாக்காத வகைக்கு நன்றாகவே கேட்கிறது. விலைதான் மலை போல! மத்திய அரசின் 2021-ம் ஆண்டு அபூர்வ நோய்க் கொள்கையின் கீழ், 2022 முதல் குறிப்பிட்ட மருத்துவ மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆயுள் மருந்துக்கு அது போதாது. ஆனால் பெயர் தெரியாத வியாதிக்கு அதுவும் கிடையாது.

"இது யார் பக்கத்துக் கோளாறு?" என்று மருமகளைப் பார்க்கும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான ஜீன்கள் சேர்ந்தால்தான் இந்த வியாதி வரும். அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே முடிச்சுப் போடும்போது, தாத்தா பாட்டியின் ஒரே பழுது இருபக்கமும் வந்து சேர வழி அதிகம்.

மூத்த குழந்தையின் ஜீன் பழுது இன்னதென்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தின் சுமார் 11-வது வாரத்திலேயே நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்துவிடலாம். தெரியாவிட்டால், அடுத்த குழந்தைக்கும் வயிறு பெருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு வழியில்லை.