மேப்பில் விழுந்த ஓட்டை!

ஒரு சின்ன டெஸ்ட். தமிழ்நாட்டு மாவட்டங்களை மட்டும் கலர் அடித்துக் காட்டும் மேப் ஒன்றை எடுங்கள். படிப்பு, மழை, வேலைவாய்ப்பு... எதைப் பற்றிய மேப்பாக இருந்தாலும் சரி. கிழக்குக் கடற்கரையில் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே பாருங்கள். எலி கடித்த மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு தெரிகிறதா? பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை பாஸ்... அதுதான் காரைக்கால்!

"அது புதுச்சேரி யூனியன் பிரதேசமாச்சே, அந்த லிஸ்ட்ல வந்திருக்கும்"னு சொல்வீர்கள். வரும். ஆனால் எப்படி வரும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேசத்தில் மொத்தம் 12,47,953 பேர். அதில் புதுச்சேரி மாவட்டம் மட்டும் 9,50,289. காரைக்கால் 2,00,222. மீதி மாஹேயும் ஏனாமும். அதாவது நூற்றுக்கு 76 பேர் புதுச்சேரி, 16 பேர்தான் காரைக்கால். சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிற காரைக்காலில் ஏதோ ஒரு விஷயம் 10 புள்ளி சரிந்தால்கூட, மொத்த சராசரி 1.6 புள்ளிதான் அசையும். அறிக்கையில் எல்லாம் நார்மல்!

தமிழ்நாட்டு மேப்பில் ஓட்டை. புதுச்சேரி சராசரியில் கரைந்த உப்பு. ரெண்டு லட்சம் பேர் எங்கேதான் போனாங்க?

எண்களைக் கண்ணுக்குத் தெரிகிற படமாக மாற்றுவதற்கு இப்போது 'டேட்டா விஷுவலைசேஷன்' என்று பெயர். ஐ.டி. பசங்க சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஹிஸ்டரி, தமிழ், ஃபைன் ஆர்ட்ஸ் படிப்பவருக்கும் அதில் வேலை இருக்கிறது. ஒரு படம் எதைக் காட்டுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எதை மறைக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் கில்லாடி.

காரைக்காலின் ராட்சதக் கண்!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மழைப் பைத்தியங்கள் எல்லாம் தேடுவது 'காரைக்கால் ரேடார்' படத்தைத்தான். இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் அது. நுண்ணலையை வானில் அனுப்பும். மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதில் எவ்வளவு வலு என்று அளக்கும். லேசான மழைக்கு ஒரு நிறம், கொட்டும் மழைக்கு இன்னொரு நிறம். துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதையும் அலையில் வரும் மாற்றத்தை வைத்தே சொல்லிவிடும். ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் ஒரு மாதிரியும், தாண்டிப் போனதும் வேறு மாதிரியும் கேட்கிறதே... அதே கதைதான்.

இதிலும் உள்குத்து உண்டு. படத்தின் ஓரத்தில் டி.பி.இசட். என்று ஓர் அளவுகோல் இருக்கும். அதில் 30க்கும் 40க்கும் வித்தியாசம் வெறும் 10 இல்லை. திரும்பி வரும் வலு 10 மடங்கு! அடுத்தது, பூமி உருண்டை. ரேடாரின் தாழ்வான கதிர்கூட 200 கி.மீ. போவதற்குள் தரையிலிருந்து 3, 4 கி.மீ. மேலே ஏறிவிடும். அதற்குக் கீழே பெய்கிற மழை படத்தில் சரியாக விழாது. 'படத்துல ஒண்ணும் இல்லையே'னு குடையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் நனைய வேண்டியதுதான்.

நனைந்தால் பரவாயில்லை. உயிரே பணயமாகிற படம் ஒன்றும் இருக்கிறது. புயல் வரும்போது டி.வி.யில் ஒரு கூம்பு காட்டுவார்களே, அதுதான். அந்தக் கூம்புதான் புயலின் சைஸ் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது! முந்தைய கணிப்புகளில் சராசரியாக எவ்வளவு தவறு நேர்ந்தது என்பதை வைத்து, புயலின் மையம் எங்கெங்கே போகலாம் என்று போடும் வரம்பு அது. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் அடிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய 'கஜா'வை காரைக்கால் ரேடாரும் பின்தொடர்ந்தது. கடலோரத்தோடு நிற்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் வரை போய்த் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது அந்தப் புயல். கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்பது பாதுகாப்பு இல்லை, ப்ரெண்ட்ஸ்.

கல்வெட்டிலிருந்து ஒரு மேப்

சோழர் காலத்தில் மேப் கிடையாது. ஆனால் கோயில் சுவர் முழுக்க டேட்டா! இன்ன நாட்டில் இன்ன ஊரில் இவ்வளவு நிலம் என்று ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள். வரலாற்று ஆய்வாளர் எ.சுப்பராயலு என்ன செய்தார் தெரியுமா? கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களை எல்லாம் திரட்டினார். இன்றைக்கும் அதே பெயரிலோ, கொஞ்சம் மருவிய பெயரிலோ இருக்கும் கிராமங்களை மேப்பில் ஒவ்வொன்றாகக் குறித்தார். ஒரே 'நாட்டை'ச் சேர்ந்த புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தார். 1973ல் சோழ நாட்டின் அரசியல் நிலவியல் பற்றிய புத்தகமாக அது வெளிவந்தது.

படமாக வரைந்த பிறகுதான் ரகசியம் வெளியே வந்தது. பல நாடுகளின் நடுவிலேயே ஆறு ஓடியது. அரசன் ஆற்றை எல்லையாக வைத்துப் பிரித்த பகுதிகள் அல்ல அவை. பாசனத்தையும் பயிரையும் நம்பி ஊர்கள் தாமாகவே சேர்ந்த கூட்டம். அப்புறம் முதலாம் ராஜராஜன் காலத்தில் வந்த 'வளநாடு'களைப் பாருங்கள்... ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாக வைத்து மேலிருந்து பிரித்தது தெரியும். மக்கள் உண்டாக்கியது எது, அரசு கிழித்த கோடு எது என்று ஒரே மேப்பில் வெளிச்சமாகிவிட்டது. தனித்தனியாக எத்தனை கல்வெட்டு படித்தாலும் கண்ணில் படாத விஷயம் இது.

கோடு தடிமனானால் கண்ணீர்!

ஊர்களைப் புள்ளியாக வைத்தார் சுப்பராயலு. மனிதர்களையே கோடாக இழுத்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். காரைக்காலை பிரான்ஸ் ஆண்டது உங்களுக்குத் தெரியும். அதே பிரான்ஸின் என்ஜினீயர் சார்ல் மினார், ரிட்டையர் ஆன பிறகும் மேப் வரைந்துகொண்டே இருந்தவர். 1869ல் அவர் வரைந்த நெப்போலியன் படம் உலகப் புகழ். ரஷ்யாவுக்குப் போகும்போது 4,22,000 வீரர்கள், தடித்த பட்டை. திரும்பும்போது 10,000 பேர், நூல் மாதிரி ஒரு கோடு. ஒரு வார்த்தைகூட வேண்டாம், போரின் லட்சணம் புரிந்துவிடும்.

அதே மினார் 1858ஆம் ஆண்டு உலகமெங்கும் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களையும் மேப்பாக்கினார். அதில் இந்தியாவிலிருந்தும் பட்டை கிளம்புகிறது. 1848ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றினார்கள். அப்படி ஏற்றிய முக்கியத் துறைமுகங்களில் பாண்டிச்சேரியும் ஒன்று, காரைக்காலும் ஒன்று. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று கப்பல்கள் போயின. 1854லிருந்து 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர்.

மினாரின் பட்டையில் எத்தனை பேர் என்பது தெரியும். யார் என்பது தெரியாது. அந்தத் தீவுகளில் இன்றைக்கும் முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு ஸ்பெல்லிங்கில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. பட்டைக்குள் மறைந்த மனிதர்களின் மிச்சம் அது.

அம்மா போடுவதும் இதுதான்

கலைக்கு எங்கேயும் போக வேண்டாம், வாசலுக்கு வாருங்கள். புள்ளி வைத்துக் கம்பிக் கோலம். பார்த்தால் பத்து இழை பின்னிக் கிடக்கிற மாதிரி இருக்கும். விரலை வைத்துத் தொடர்ந்தால் சில கோலங்களில் ஒரே இழைதான்! சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்றவர்கள் 1970களிலேயே கோலத்தை கணினி இலக்கணமாக்கி ஆராய்ந்தார்கள். புள்ளி என்பது தகவல், கோடு என்பது உறவு. நம் வீட்டில் தினமும் அழித்து அழித்துப் போட்டது இதைத்தான்.

அடுத்த முறை ஒரு சார்ட் கண்ணில் பட்டால்...

* சராசரியா, தனித்தனியா? சராசரி என்றால் யார் அதில் முழுகிப் போனார்கள் என்று கேளுங்கள்.

* அளவுகோல் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா? 85ல் ஆரம்பித்தால், 87க்கு ரெண்டு பங்கு உயரத்தில் நிற்கும் 89. தம்மாத்தூண்டு வித்தியாசம் இமயமலை ஆகிவிடும்.

* நிறம் மாறும் இடத்தில் விஷயமும் நிஜமாகவே மாறுகிறதா? 49க்கு மஞ்சள், 50க்குச் சிவப்பு என்றால் பயப்படாதீர்கள், வித்தியாசம் 1தான்.

* படத்தில் வெள்ளையாக விட்ட இடம் எது? அங்கே ஒன்றும் இல்லையா, இல்லை யாரும் எண்ணவில்லையா?

கடைசிக் கேள்விதான் காரைக்காலின் கேள்வி. அதற்குப் பதிலை வெளியூர்க்காரர் வந்து வரைய மாட்டார். காரைக்கால் நகராட்சி, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம்... ஆறே ஆறு துண்டுதான். ஒரு சார்ட் பேப்பர், ஆறு கலர் பென்சில் போதும். எந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வகுப்பில் இருக்கும் ஐம்பது பேரிடம் கேட்டுப் போட்டாலே எந்தப் பக்கம் பஸ் இல்லை என்று தெரிந்துவிடும். மனு கொடுக்கப் போகும்போது பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு படம் பேசும்.

மேப்பில் ஓட்டை என்றால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை. வரைய இன்னும் யாரும் உட்காரவில்லை என்று அர்த்தம். பென்சிலைச் சீவுங்க பாஸ்!