சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவருக்கு அடுத்த ஒரு வருடம்

குடிக்கோ ஹெரோயினுக்கோ அடிமையான ஒருவர் சிகிச்சை முடித்து வீடு வந்துவிட்டால், பிரச்சினை தீர்ந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஜெயபுரத்திலும் அயற்கிராமங்களிலும் அப்படித் திரும்பியவர்களின் குடும்பங்களோடு பழகி வருபவன் என்ற வகையில் சொல்கிறேன், விடுதியில் நடப்பது பாதி வேலைகூட இல்லை. அங்கே நடுக்கம் நிற்கிறது, சாப்பாடு இறங்குகிறது. ஆனால் அங்கே தவறணை இல்லை, கடன்காரர் இல்லை, போத்தலோடு கூப்பிடும் கூட்டாளி இல்லை. இவை எல்லாம் ஊரில்தான் இருக்கின்றன.

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 வீதமானோர் மீண்டும் ஒருமுறையாவது பாவிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. பிறஷர், ஆஸ்துமா நோயாளருக்கு வருத்தம் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். பிறஷர் கூடியவரை நாங்கள் ஏசுவதில்லை, கிளினிக்குக் கூட்டிப் போகிறோம். குடித்துவிட்டு வந்தவரை மட்டும் படலைக்கு வெளியே நிறுத்துகிறோம்.

வீட்டார் அறிந்திருக்க வேண்டிய ஆபத்துகள் சில உண்டு. சில மாதம் ஹெரோயினை விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நாள்கணக்காகக் கசிப்புக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், ஆகவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, டைசல்பிராம் குளிசையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பது. அதன் மேல் குடித்தால் கடும் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும், உயிரே போகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு வாரம் வரையும் அந்த ஆபத்து நீடிக்கும்.

எங்கள் பக்கத்தில் பலருக்குக் குடிதான் நித்திரைக் குளிசையாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் 2009 இல் கண்டவை இரவில் திரும்பி வரும், மே மாதத்தில் இன்னும் கூடும். ஆகவே குடியை விட்டவர் மனநலக் கிளினிக்கையும் விடக்கூடாது. கிளிநொச்சி வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் கிளினிக் நாளில் கூலி வேலை போய்விடும், பஸ் காசும் வேண்டும். வராதவரைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கணக்கெடுக்க வேண்டும்.

தூரத்துக்கு ஒரு வழியைத் தமிழ்நாட்டில் கண்டார்கள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், 1989 முதல் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் நடத்தியது. சிகிச்சை ஊருக்குள்ளேயே நடந்தது, குடும்பத்தவரும் சேர்க்கப்பட்டார்கள், முகாம் முடிந்த பின்னும் குழு அங்கே போய்ப் பார்த்தது. ஊரறிய நடந்ததால் விட்டவருக்கு ஊரே துணை நின்றது. எங்களிடமோ எல்லாம் ஒளிப்பு. காரணம் இருக்கிறது. 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கே வன்னியில் வேறு ஞாபகம். முன்னாள் போராளிகளை வைத்திருந்த அதே பணியகம்தான் கந்தக்காட்டில் போதைக்கு அடிமையானவர்களையும் வைத்திருந்தது.

மனைவிமாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கணவன் திரும்பிய பிறகும் ஒவ்வொரு பொழுதும் வாயை மணந்து பார்க்கிறார்கள், சம்பள நாளில் நெஞ்சிடிக்கிறது, நுண்கடன்காரருக்கும் அவர்களே பதில் சொல்கிறார்கள். அவர் திரும்பக் குடித்தால் பழி இவர்கள் தலையில். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அமெரிக்காவில் 1951 இல் அல்-அனான் என்ற கூட்டமைப்பு உருவானது; கணவன் விட்டாலும் விடாவிட்டாலும் மனைவிக்கு அங்கே இடமுண்டு. அடி உதை இருக்கும் வீட்டில், அவர் குணமாகட்டும் என்று பொறுத்திருக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

ஜெயபுரத்தில் மாதம் ஒரு மாலை பொதுநோக்கு மண்டபத்தைத் திறந்து, விட்டவர்கள் ஒரு பக்கமும் வீட்டார் இன்னொரு பக்கமும் இருந்து கதைக்க மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இடம் தரலாம். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரை அன்றைக்கு அழைக்கலாம். அதுவரை தொலைபேசி இருக்கிறது: போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927, மனநலத்துக்கு 1926, வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938.