உங்களுக்குத் தெரியுமா? உள்ளே சூடு, மேலே குளுமை!

மைக்ரோவேவில் காயவைக்கும் மாங்காய்த் துண்டின் மேற்பரப்பைவிட உட்பகுதி அதிகம் சூடாக இருக்கக்கூடும். வெயிலில் காயும் வற்றலில் நடப்பதற்கு இது நேர்மாறு.

• வீட்டு மைக்ரோவேவில் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை ஊசலாடுகிறது. நீர் மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்ப முயல, சூடு துண்டுக்குள்ளேயே பிறக்கிறது. நீராவி ஈரத்தை வெளியே தள்ளுகிறது.

• ஆபத்து கடைசிக் கட்டத்தில்தான். ஆவியாக நீர் இல்லாதபோது சூடு தேங்கி, மூலைகள் சட்டென்று கருகும்.

• இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் கணினி மாதிரி. துண்டைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்புலம், வெப்பம், ஈரம் மூன்றையும் ஒன்றாகக் கணக்கிடுகிறார்கள். ஈரம் குறையக் குறைய அலையை உறிஞ்சும் அளவும் மாறுவதால், ஒருமுறை போட்ட கணக்கு போதாது. உலர்ந்து முடியும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

• கொதிநிலையில் 1 கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் தேவை. ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரம்!

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உணவு உலர்த்தும் தொழில் தொடங்க நினைப்பவர்கள், இயந்திரம் வாங்கும் முன் தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்தை அணுகுங்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அது.