படகிலிருந்தே பார்க்க வேண்டிய பறவை

சாயர்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஸ்காட்லாந்திலும் ஐஸ்லாந்திலும் சின்னப் படகுகளில் போய்ப் பஃபின் பறவைகளைப் பார்த்து வருகிறார்களே, தூத்துக்குடிக் கடலில் அப்படிப் பார்க்க ஒன்றுமே இல்லையா? நல்ல கேள்வி. பஃபினுக்கு நம் கடலில் இடமில்லை. அது வடக்கின் குளிர்ந்த கடல்களுக்கு உரியது. ஆனால் பஃபினைப் போலவே கறுப்பும் வெள்ளையுமான, பஃபினைப் போலவே மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கிற, பஃபினைப் போலவே ஒரே ஒரு முட்டையிட்டு வளர்க்கிற பறவை ஒன்று ஆண்டுதோறும் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. நண்டுதின்னி என்பது அதன் பெயர். அறிவியலார் டுரோமாஸ் ஆர்டியோலா என்பார்கள். அதைப் பார்க்கவும் படகுதான் வேண்டும். ஆனால் அந்தப் படகு எதுவரை போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தீவில் ஆளை இறக்காத படகு பறவைக்கும் நல்லது, கடலோர மக்களுக்கும் நல்லது. இறக்கிவிடும் படகால் இருவருக்கும் கேடு. இதுவே என் கட்சி. அதற்கான காரணங்களைப் பறவையின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொல்ல முடியும்.

தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டுகளிலும் மண்டபத்தை ஒட்டிய மணலி, முசல் தீவுகளின் கரைகளிலும் குளிர்காலத்தில் நண்டுதின்னிகள் சிறு கூட்டமாக நிற்பதைக் காணலாம். சுமார் 40 செ.மீ. நீளம். உடல் பளிச்சென்ற வெள்ளை, முதுகில் கறுப்புப் பட்டை, நீலச் சாம்பல் நிறத்தில் நெடிய கால்கள். மற்றக் கரைப்பறவைகளில் பலவற்றுக்கு அலகு ஊசிபோல மெலிந்திருக்கும், சேற்றில் குத்திப் புழு எடுக்க. இதற்கோ தடித்த, கறுத்த, குறடு போன்ற அலகு. நண்டின் ஓட்டை உடைக்க அதுதான் வேண்டும். உலகில் இந்தக் குடும்பத்தில் இது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தம்பி என்று சொல்ல வேறு இனம் கிடையாது. உலகம் முழுவதும் 60,000 முதல் 80,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகைதான் அது.

இந்தப் பறவையிடம் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் வளை. பாரசீக வளைகுடா, ஓமன், செங்கடல், சோமாலியா எனக் கொதிக்கிற கரைகளில் கோடைக்காலத்தில்தான் அது குஞ்சு பொரிக்கிறது. கரைப்பறவை என்றால் திறந்த மணலில் சின்னக் குழி பறித்து, மண்ணோடு மண்ணாகத் தெரியும்படி புள்ளி போட்ட முட்டைகளை மூன்று நான்கு இடும்; குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். நண்டுதின்னி இந்த வழக்கம் எதையும் பின்பற்றுவதில்லை. கூட்டமாகச் சேர்ந்து மணல் மேட்டில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சரிவான வளை தோண்டுகிறது. உள்ளே இருட்டறையில் ஒரே ஒரு முட்டை. எதிரியின் கண்ணுக்கு மறைக்க வேண்டிய தேவை இல்லாததால் முட்டையில் புள்ளி கிடையாது, வெள்ளை வெளேரென்றிருக்கும். மேலே மணல் தகிக்கிற வேளையில் உள்ளே முட்டைக்கு வேண்டிய அளவு வெப்பம் மட்டும் இறங்குகிறது; அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கைச் சூரியனும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. பனங்கொட்டையைத் தேரி மணலில் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டு, மற்றதை மண் பார்த்துக்கொள்ளும் என்று அடுத்த வேலைக்குப் போகிற சாயர்புரத்து விவசாயியைப் போலத் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிட்டு இரை தேடப் போய்விடுகிறது. 58 மணி நேரம் வரை, அதாவது இரண்டு பகல் இரண்டு இரவுக்கும் மேலாக, முட்டை தனியே கிடந்தும் கெடாமல் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நண்டு கிடைக்கிற வற்றுக்கடல் வளையிலிருந்து தொலைவாக இருந்தாலும் போய்வர முடிகிறது என்றால் அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

பிறக்கும் குஞ்சு நடக்க மாட்டாது. வளைக்குள்ளேயே கிடக்கும், தாயும் தந்தையும் நண்டு கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பறக்கக் கற்ற பிறகும் இந்த ஊட்டுதல் நிற்பதில்லை, நம் கரைக்கு வந்த பிறகும் தொடர்கிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து கணக்கிட்டால் சுமார் 3,000 கி.மீ. தாண்டி வந்திறங்கிய பிறகும், உடம்பளவில் பெற்றோரின் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட சாம்பல் நிற இளம்பறவை தாயின் பின்னாலேயே நடக்கும். முதுகைக் கூனி, தலையைத் தாழ்த்தி, மெல்லிய சீழ்க்கை ஒலியில் விடாமல் கெஞ்சும். தாய் நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு குத்து குத்தி நண்டைத் தூக்குகிறது. சின்ன நண்டானால் முழுதாக விழுங்கிவிடலாம். பெரியதானால் கீழே போட்டு, குத்திக் கால்களைக் கழற்றி, கொடுக்கின் பிடிக்குத் தப்பி, ஓட்டைப் பிளக்க வேண்டும். பல வாரப் பழக்கம் வேண்டிய வேலை. இளம்பறவை அந்தப் பழக்கத்தைப் பெறும் வரை தாய் தன் வாயிலிருப்பதைக் கொடுக்கிறது. ஆகவே மன்னார் வளைகுடா இந்தப் பறவைக்குக் குளிர் போக்கும் விடுதி மட்டும் இல்லை. தன் ஒற்றைப் பிள்ளையைத் தன் காலில் நிற்க வைக்கும் பள்ளிக்கூடமும் அதுதான்.

படகுக்கு எல்லை வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இங்கே பிறக்கிறது. “அது இங்கே முட்டையிட வருவதில்லையே, நாலு பேர் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கூடு இல்லாத இடத்திலும் கேடு உண்டு. மன்னார் வளைகுடாவில் கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கட்ச் வளைகுடாவில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு விரியும்; இங்கே வற்றும்போது வெளிப்படுவது ஒடுங்கிய ஒரு பட்டை மணலும் சேறும்தான். அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்துக்குள் தாயும் தின்ன வேண்டும், பிள்ளைக்கும் ஊட்ட வேண்டும். படகிலிருந்து இறங்கி நாலு பேர் நடந்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். எழும்பிய கூட்டம் சுற்றிப் பறந்து, பயந்து, வேறொரு திட்டில் போய் இறங்கி அமைதியாகும் முன் அரை மணி நேரம் போய்விடலாம். வற்றம் அதற்காகக் காத்திருக்காது. ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளை வளர்க்கும் இனம் இழப்பை விரைவில் ஈடுகட்டிக்கொள்ளவும் முடியாது. எண்ணிக்கையில் இப்போது ஆபத்து இல்லை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருப்பது உண்மைதான். பஃபினும் கடலெங்கும் லட்சக்கணக்கில் இருந்த பறவைதான். 2015 முதல் அது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எண்ணிக்கை நிறைய இருக்கும்போது காப்பதுதான் எளிது.

இறங்காமல் பார்ப்பது வெறும் ஆசை வார்த்தை இல்லை என்பதற்குப் பஃபின் படகுகளே சாட்சி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்று ஒரு சிறு பாறைத்தீவு. வேட்டையால் அங்கே பஃபின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒழிந்துவிட்டது. 1973இல் ஸ்டீபன் கிரஸ் என்ற பறவையியலாளர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கை வளைகளில் வைத்து ஊட்டி வளர்த்தார். பறந்து போனவை திரும்பி வர வேண்டுமே என்று மரத்தில் செய்த பஃபின் பொம்மைகளைப் பாறை மேல் நிறுத்தினார். திரும்பி வந்தவற்றில் சில 1981இல் அங்கேயே குஞ்சு பொரித்தன. இன்று 150 ஜோடிகளுக்கு மேல் இருக்கின்றன. கோடையில் சுற்றுலாப் படகுகள் அந்தத் தீவைச் சுற்றி வருகின்றன. பயணி ஒருவரும் இறங்க முடியாது. வேல்ஸின் ஸ்கோமர் தீவில் இறங்க விடுகிறார்கள், ஆனால் ஒரு நாளைக்கு 250 பேருக்கு மேல் இல்லை. போட்ட பாதையை விட்டு ஓரடி விலகினால் வளை இடிந்து குஞ்சு புதையும் என்று சொல்லித்தான் விடுகிறார்கள். அங்கே இன்று 40,000க்கும் மேற்பட்ட பஃபின்கள். கட்டுப்பாடு வந்தால் சுற்றுலா செத்துவிடும் என்ற பேச்சு இந்த இரண்டு இடங்களிலும் பொய்த்துப்போயிருக்கிறது.

“அப்படியானால் படகே வேண்டாம், தீவுகளை முழுக்கப் பூட்டிவிடலாம்” என்று இன்னொரு பக்கத்திலிருந்து வாதம் வரும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் இதே காலத்தில்தான் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை அது ஓயவில்லை. அலையைத் தடுக்கும் பாறை போன பிறகு மணல் எப்படி நிற்கும்? தூத்துக்குடிக் குழுவின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 1969இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த காரியாச்சல்லியில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. வான் தீவைக் காக்கக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டி வந்தது. இவ்வளவும் நடந்தது தூத்துக்குடி மக்களில் பெரும்பாலோர் கண்ணில் படாமலே. கரையிலிருந்து சில கிலோமீட்டரில் ஒரு தீவு மறைந்ததை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பார்க்காத பொருளுக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்காகவே படகு வேண்டும் என்கிறேன்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு மீனவரிடமிருந்து வருவது, அதற்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். “காலம் காலமாக நாங்கள் போன தீவுக்கு எங்களைப் போகாதே என்கிறீர்கள், வெளியூர்க்காரர் காசு கொடுத்தால் கூட்டிப் போவீர்களா?” நியாயமான கேள்வி. இராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தீவுத் தடையால் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் அவர்களேதான் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் சிப்பி விளையும் கடலடிப் பாரைப் பார்வையிட்டு, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு அறிவிப்பார்கள்; முதிரவில்லையென்றால் ஆண்டுக்கணக்கில் குளிப்பு இல்லை. கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. அடங்கி எடுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. எனவே பறவைப் படகு ஓடினால் அதை ஓட்டுகிறவர் அந்தந்த ஊர் நாட்டுப்படகுக்காரராகவே இருக்க வேண்டும், கட்டணமும் அந்த ஊருக்கே சேர வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அந்த வழி கண்ணெதிரே இருக்கிறது. பெரும் முதலாளி ஒருவர் வேகப்படகுகளைக் கொண்டுவந்து இறக்கும் திட்டமாக அது மாறினால் எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன்.

நம் ஜனங்கள் தூரத்தில் நின்று பார்க்கிற ரகமா, கட்டுப்பாடு எல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்கும் என்பவர்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தங்குளம் பதில் சொல்லும். அங்கே கொல்லைப்புற மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று ஊரார் வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994இல். ஊர்க் கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. அருகில் இருப்பவனுக்குப் பறவையின் மேல் உரிமையும் பெருமையும் வந்துவிட்டால், காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை மன்னார் வளைகுடா பெரும்பாலும் அமைதியாக இருக்கும், நண்டுதின்னிகளும் இருக்கும். வனத்துறை அனுமதித்த படகில், அனுமதித்த வழியில் மட்டும் போங்கள். அனுமதி இல்லாமல் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். திட்டு கண்ணில் பட்டதும் இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பறவைகள் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்க்கத் தொடங்கினால் படகு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்று பொருள், பின்வாங்கச் சொல்லுங்கள். பைனாகுலர் எடுத்துப் போங்கள், டிரோனை வீட்டில் வையுங்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆசிரியர்களாக இருந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பையாவது இந்தக் கடலுக்குக் கூட்டிச்செல்ல வனத்துறை வழி செய்ய வேண்டும். எஞ்சியிருக்கும் தீவுகளைக் காக்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.