சுற்றைக் கூட்டினால் அழுத்தம் கூடும்!

பட்டர்வொர்த்தில் குடியிருப்புகளின் நடுவே, வேலி போட்டு, 'அபாயம்' என்ற பலகை மாட்டிய சிறு மின் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஓயாமல் ரீங்காரம் கேட்கும். அதுதான் மின்மாற்றி, நாம் 'டிரான்ஸ்பார்மர்' என்கிறோமே, அதுவேதான். 11,000 வோல்ட்டாக வரும் மின்சாரத்தை 230 வோல்ட்டாக்கி நம் வீட்டுக்கு அனுப்புகிறது.

எப்படி? இரும்புத் தகடுகளை அடுக்கி, இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றியிருப்பார்கள். ஒரு சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடினால் இரும்பில் காந்த சக்தி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மற்றச் சுருளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். 1831-இல் இதைக் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பழகியவர்!

கணக்கு எளிது. வானொலியின் மின்மாற்றியில் ஒரு பக்கம் 1,150 சுற்று, மறு பக்கம் 60 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் கொடுத்தால் 12 வோல்ட் கிடைக்கும். சுற்று குறைந்தால் அழுத்தம் குறையும், கூடினால் கூடும்.

அழுத்தம் கூடினால் மின்சாரம் இலவசமாகப் பெருகுமா? பெருகாது. அழுத்தம் ஏறிய அளவுக்கு மின்னோட்டம் இறங்கிவிடும். அதிலும் ஒரு லாபம் உண்டு. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒரு பங்காகும். பிறை மின் நிலையத்து மின்சாரம் உயர் அழுத்தத்தில் தொலைதூரம் போவது இதனால்தான்.

இனிமேல் சொல்வதை வீட்டில் எல்லாரும் கேளுங்கள். மின்மாற்றி இரு பக்கமும் வேலை செய்யும். முன்பு பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரந்தான் விளக்கெரியும். இன்றும் கரண்டு போனால் சிலர் சிறு ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அந்த 230 வோல்ட், வெளிக்கம்பி வழியே மின்மாற்றிக்குப் போனால் 11,000 வோல்ட்டாக ஏறும். கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிர் போய்விடும்.

ஆகவே, விளக்கையும் விசிறியையும் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டுங்கள். வீடு முழுவதற்கும் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு பொருத்துங்கள். கம்பத்தில் ஏறுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!