மடையுடைந்த குருதி நாளங்கள்

இருதயத்தினின்று புறப்படும் இரத்தம் தமனிகளின் வழியே சென்று, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளுட் புகுந்து, உறுப்புகளுக்கு உணவும் பிராணவாயுவும் ஈந்து, சிரைகளின் வழியே மீள்கின்றது என்பதை நாம் யாவரும் கற்றிருக்கிறோம். நுண்ணிய கிளைகள் செய்யும் மற்றொரு தொண்டினை நாம் அத்துணை நினைப்பதில்லை. தமனியின் மிகுந்த அழுத்தத்தைத் தணித்து, மெல்லிய சுவருடைய சிரைகள் தாங்குமளவில் இரத்தத்தை ஒப்புவிப்பன அவையே.

சிலருக்குப் பிறவியிலேயோ காயத்தினாலோ, இந்நுண்கிளைகள் இடையில் இன்றித் தமனி நேரே சிரையுள் திறந்துவிடுகின்றது. வாய்க்கால் நீர் வயலிற் பாயாமல், கரையுடைந்து வடிகாலில் விழுந்தால் விளைவது யாது? வயல் காயும், வடிகாற் கரையும் சரியும். சரீரத்திலும் அங்ஙனமே அடுத்த உறுப்பு இரத்தமின்றி வாட, சிரை புடைக்கும். மூளையிலாயின் அது வெடித்து உயிர்க்கே கேடாகலாம்.

இதனைத் தெளிவுற விளக்கியவர் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹண்டர். அக்காலத்தில் பற்பல நோய்களுக்கும் முழங்கை மடிப்பிற் சிரையைக் கீறி இரத்தம் வாங்குவர். கத்தி ஆழ்ந்து தமனியையும் துளைத்துவிடின், புண் ஆறியபின் இரண்டும் ஒன்றினுள் ஒன்று திறந்து நிற்கும். அவ்விடத்தில் விரலுக்கு அதிர்வும் செவிக்குச் சீறலொலியும் புலனாதலை அவர் 1757-ம் ஆண்டில் எழுதினார். நோய் தீர்க்கச் செய்ததே நோயாயிற்று! இன்றும் தோலுக்கு அண்மையிலுள்ள உடைப்பை முதலில் அறிவிப்பன கையும் செவியுமே. பின்னர் ஒலியலைக் கருவி ஓட்டத்தைக் காட்டும். ஐயமற அறிய, தமனியுள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பர். மூளை நாளங்களுக்கு இம்முறையை 1927-ல் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் வகுத்தார். உரிய காலத்துக்கு முன்னரே சிரை நிறையுமாயின், உடைப்பு அங்கேதான்.

முற்காலத்து ரண வைத்தியர் சிலர், உடைப்புக்கு மேலே தமனியைக் கட்டிப் பார்த்தனர். பயன் நிலைக்கவில்லை. சுற்றியுள்ள கிளைகள் பருத்து, வேறு வழியாய் அவ்வுடைப்பையே நாடின. தலைமடையை அடைத்தாற் போதாது. உடைந்த இடத்தையே அடைத்தல் வேண்டும். அவ்விடமோ பெரும்பாலும் கத்தி எட்டாத ஆழத்திலுள்ளது.

நாளத்தையே வழியாகக் கொள்ளும் துணிவு, 1929-ல் ஜெர்மனியின் வெர்னர் போர்ஸ்மான் தம் கைச்சிரையின் வழியே இருதயம்வரை ஒரு குழாயைச் செலுத்திக் காட்டியதால் வலுப்பெற்றது. 1953-ல் ஸ்வீடன் தேசத்துச் செல்டிங்கர், ஊசி குத்தி, அதனூடே கம்பி விட்டு, ஊசியை நீக்கிக் கம்பியின்மேற் குழாயை ஏற்றும் எளிய உபாயத்தைக் கண்டார். இன்று தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, நுண்குழாயை உடைப்புவரை நடத்தி, பிளாட்டினச் சுருளாலோ விரைந்து இறுகும் பசையாலோ அதனை அடைக்கின்றனர். பசை சற்றே பின்வாங்கி நற்றமனியை அடைப்பின் பக்கவாதம் நேரலாம். முன்னோடிச் சிரையை அடைப்பினும் இரத்தம் பெருகலாம்.

ஆதலின் எல்லா உடைப்பையும் அடைத்தே தீரவேண்டுமென்பதில்லை. மூளையில் வெடியாதிருந்தவற்றைக் குறித்து 2014-ல் வெளியான அரூபா ஆராய்ச்சியில், சில ஆண்டுகள் நோக்கியவளவில், அவற்றைத் தொடாது மருந்தளவில் பேணப்பட்டோர்க்கே பக்கவாதமும் மரணமும் குறைந்திருந்தன. நுரையீரலிலோ நிலை வேறு. சலித்தெடுக்கும் தந்துகி அங்கு இல்லாமையால், சிறு இரத்தக்கட்டியும் நேரே மூளைக்கு ஏறக்கூடும். எனவே வருத்தம் ஏதுமில்லாதவர்க்கும் அதனை அடைத்துவிடுதலே பெரும்பாலும் தக்கதென்பர்.